ராத்திரியிலும் கலரில் தெரியும் கேமரா: ஏற்காட்டுத் தோட்டத்துக்கு எதை வாங்கலாம்?

#1 மலைக்காப்பி (ஏற்காடு)

வணக்கம். நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், உள்ளேயே வீடு. பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. இனிச் சில மாதங்களுக்குக் களத்தில் காப்பி காய்ந்துகொண்டே இருக்கும், அடுத்து மிளகு வரும். போன பருவத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சில மூட்டைகள் போய்விட்டன. கேமரா இருந்தது, பதிவும் இருந்தது, ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை. வந்த வண்டி வெள்ளையா, சில்வரா, வெளிர் நீலமா என்று கேட்டார்கள். படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த முறை ராத்திரியிலும் கலரில் பதிவாகிற கேமராதான் வேண்டும். மூன்று இடம். சாலையைப் பார்த்த கேட், அது வீட்டுச் சுவரிலிருந்து சுமார் 12 மீட்டர். காப்பிக் களம், 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அப்புறம் வீட்டு முன்வாசல். தெருவிளக்கு கிடையாது. சேலத்தில் ஒரு கடையில் 8 மெகாபிக்சல், 2.8 எம்எம் லென்ஸ், "ராத்திரியும் பகல் மாதிரி இருக்கும்" என்று சொல்லி மூன்று இடத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

#2 அழகாபுரம்_வயரிங்

சார், கேமராவைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். களத்தில் ராத்திரி என்ன வெளிச்சம் இருக்கிறது? எதுவுமே இல்லை என்றால் எந்தக் கம்பெனிப் பெட்டியைப் பிரித்தாலும் கலர் வராது.

உங்கள் பழைய கேமரா ராத்திரி ஆனதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் போடும், கவனித்திருக்கலாம். பகலில் சென்சாருக்கு (ஒளியைப் படமாக்கும் சில்லு) முன்னால் நிற்கும் ஐஆர், அதாவது அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அப்போது விலகுகிறது. பிறகு கேமரா தன் ஐஆர் விளக்கின் ஒளியில் பார்க்கிறது. பெரும்பாலும் 850 நானோமீட்டர். நம் கண்ணுக்கு லேசான சிவப்புப் புள்ளியாகத் தெரிவது அதுதான். அந்த ஒளியில் நிறம் என்ற தகவலே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கும் வெளிச்சம் விழுந்தால்தான் கலர்.

ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். பௌர்ணமி நிலா உச்சியில் இருந்தால் தரையில் கால் லக்ஸ் கிடைத்தால் பெரிது. அமாவாசையில், மேகமும் சேர்ந்தால், அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கடைக்காரர் காட்டும் அட்டையில் '0.0005 லக்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணை எந்த ஷட்டர் வேகத்தில், எவ்வளவு கெயின் (மின்னணு முறையில் படத்தைப் பிரகாசமாக்குவது) ஏற்றி எடுத்தார்கள் என்பது அட்டையில் இருக்காது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது.

#3 குவியதூரம்

வயரிங் அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு அடுத்து இரண்டு விஷயம்தான் முக்கியம்: லென்ஸின் எஃப் எண், சென்சாரின் அளவு. மெகாபிக்சல் அப்புறம்தான்.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது. கணக்கு வர்க்கத்தில் போகும். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 1.6 லென்ஸைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 2.0 லென்ஸைவிட 4 மடங்கு. ஹிக்விஷன் 'கலர்வியூ', தாஹுவா 'ஃபுல் கலர்' என்றெல்லாம் விற்பவற்றின் அடிப்படை இந்தப் பெரிய திறப்பும் கூடவே வைக்கும் வெள்ளை எல்இடியும்தான்.

சென்சார் விஷயத்தில் கடைக்காரர் கொடுத்த 8 மெகாபிக்சல் எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரண விலையில் வரும் 8 மெகாபிக்சல் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.8 அங்குலச் சென்சார் இருக்கும். ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.45 மைக்ரான். அதே சமயம் 1/1.8 அங்குலச் சென்சாரில் 4 மெகாபிக்சல் வைத்தால் ஒரு பிக்சல் 2.9 மைக்ரான். அகலம் இரண்டு மடங்கு, பரப்பு 4 மடங்கு. அதாவது முதல் கேமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைப்பது கால்வாசி ஒளி. பகலில் இது தெரியாது. ராத்திரியில் தெரிவது முழுக்க இதுதான். 8 மெகாபிக்சல்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 1/1.2 அங்குலச் சென்சார் உள்ளதைத் தேடுங்கள், விலை நன்றாகவே ஏறும். தோட்டத்துக்கு 1/1.8, 4 மெகாபிக்சல், எஃப் 1.0 போதும்.

#4 ஐந்துரோடு_மெடிக்கல்

ப்ரோ, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கடை வாசலில் 8 மெகாபிக்சல்தான் இருக்கிறது, 1/2.8 சென்சார்தான். ராத்திரி 12 மணிக்கும் கலர் பிரமாதமாக இருக்கிறது. நிறுத்தி வைத்த பைக்கின் ஸ்டிக்கரைக்கூடப் படிக்கலாம்.

#5 குவியதூரம்

மேற்கோள்: "நிறுத்தி வைத்த பைக்கின் ஸ்டிக்கரைக்கூடப் படிக்கலாம்"

இருக்கும், நம்புகிறேன். உங்கள் கடை இருப்பது சேலம் ஐந்து ரோட்டில். தெருவிளக்கு, பெயர்ப்பலகை விளக்கு, வண்டிகளின் ஹெட்லைட் என்று அங்கே வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஏற்காட்டுத் தோட்டத்தோடு ஒப்பிட முடியாது.

இரண்டாவது, நீங்கள் பார்த்தது நிற்கிற பைக். அசைகிற ஆளைப் பாருங்கள். இதை எல்லாருமே கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஏமாற்றம் நடப்பது இங்கேதான். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படத்தைப் பிரகாசமாக்குவது கேமராவின் ஆட்டோ பழக்கம். சாதாரணமாக நடக்கும் ஆள் ஒரு நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/100 நொடி என்றால் அதற்குள் ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகர மாட்டார். 1/25 என்றால் ஐந்தரை சென்டிமீட்டர். கேமரா தானாக 1/5 நொடிக்கு இறங்கிவிட்டால் 28 சென்டிமீட்டர். ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம்! சுவரும் செடியும் பளிச்சென்று இருக்கும், ஆள் மட்டும் புகை மாதிரி இழுபட்டுப் போவார். கலர் இருக்கும், முகம் இருக்காது.

இதோடு 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. முந்தைய பல பிரேம்களைச் சேர்த்துப் புள்ளிகளைத் துடைக்கும். அதை உச்சத்தில் வைத்தால் நடக்கிறவருக்குப் பின்னால் அவர் உருவமே வால்போல் தொடரும். யூடியூபில் கேமரா விமர்சனம் பார்க்கும்போது ஆள் குறுக்கே நடந்து போகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அசையாத தோட்டத்தை மட்டும் காட்டும் விமர்சனத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

#6 ஐந்துரோடு_மெடிக்கல்

இப்போது பதிவைப் போட்டுப் பார்த்தேன். நடக்கிற ஆட்கள் நேராக வரும்போது பரவாயில்லை, குறுக்கே போகும்போது முகம் கரைகிறது. செட்டிங்கில் ஷட்டர் 'ஆட்டோ' என்றுதான் இருக்கிறது. எவ்வளவு வைக்கட்டும்?

#7 குவியதூரம்

உங்கள் இடத்தில் வெளிச்சம் இருப்பதால் 1/50 வைத்துப் பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் 1/25. அதற்குக் கீழே விடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவிலும் 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 60 என்று இருந்தால் தெருவிளக்கு பட்டையாகத் துடிக்கும்.

#8 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

எங்கள் அனுபவமும் உதவலாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, குறுகலான சந்து. வெள்ளை எல்இடி உள்ள கேமரா முதலில் போட்டோம். எதிர்வீட்டு ஜன்னல் நேராக இருந்ததால் ராத்திரி அவர்கள் தூக்கமே போயிற்று. பெரியவர்கள் இருக்கிற வீடு, அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

பிறகு கேமராவின் விளக்கை அணைத்துவிட்டுச் சந்தின் மூலையில் தரையைப் பார்த்தபடி ஒரு 10 வாட் எல்இடி மாட்டினோம். 3000 கெல்வின், மஞ்சள் கலந்த வெள்ளை. ராத்திரி முழுக்க எரிகிறது. கேமராவின் சொந்த விளக்கில் வந்த படத்தைவிட இது எவ்வளவோ மேல். கேமரா விளக்கில் பக்கத்தில் வருகிறவர் முகம் வெளுத்துப் போகும், 10 அடி தள்ளி இருட்டு. தனி விளக்கில் சந்து முழுக்க ஒரே சீராக இருக்கிறது. சட்டை நிறம், பை நிறம் எல்லாம் சரியாக வருகிறது. முன்பு ஒரு பழைய சோடியம் விளக்கு இருந்தபோது எல்லாமே ஆரஞ்சாகத்தான் வந்தது. அந்த வெளிச்சத்தில் கலர் கேமரா வாங்கியும் பலன் இல்லை.

ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கு பற்றிக்கொள்ளும் அந்த முதல் நொடிகளில்தான் ஆள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார், அந்தப் படம்தான் வீணாகப் போகும்.

#9 மலைக்காப்பி

எல்லாருக்கும் நன்றி. தனி விளக்கு பற்றிக் கொலுசு அக்கா சொன்னது மனத்தில் பதிந்தது. எங்களுக்கு அக்கம்பக்கம் வீடு இல்லை, ஆனால் பனி இருக்கிறது. மாலையில் இறங்கினால் சில நாள் விடியும்வரை விலகாது. பழைய கேமராவில் அந்த ராத்திரிகளில் வெறும் வெள்ளைத் திரைதான். கலர் கேமராவிலும் அப்படித்தான் வருமா?

#10 அழகாபுரம்_வயரிங்

சார், நீங்கள் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். 20 கொண்டை ஊசி வளைவிலும் பனி அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். டிம் செய்தால் ரோடு தெரியும். கேமராவிலும் அதேதான். லென்ஸுக்கு ஒட்டினாற்போல விளக்கு இருந்தால், அது ஐஆராக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும், லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் மேல்தான் முதலில் விழும், அப்படியே திரும்பி லென்ஸுக்குள் வரும்.

அதனால் மலையில் எனக்கு ஒரே விதி: விளக்கு வேறு இடம், கேமரா வேறு இடம். குறைந்தது மூன்று நான்கு மீட்டராவது தள்ளி, பக்கவாட்டில், உயரத்திலிருந்து கீழ்நோக்கி. கேமரா பார்க்கும் கோட்டுக்குக் குறுக்கே ஒளி விழ வேண்டும். அடர்ந்த பனியில் அதற்கும் ஓரளவுதான் பலன். 25 மீட்டர் களத்தின் அந்த ஓரம் தெரியாது. இதைச் சொல்லாமல் கேமரா விற்கிறவரை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட ராத்திரிக்குக் களத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கேமரா வைத்தால், ஆள் எந்தப் பக்கம் வந்தாலும் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும்.

களத்து விளக்குக்குக் கணக்கு சொல்கிறேன். 20 வாட் எல்இடி ஃபிளட் லைட் சுமார் 2000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளி) தரும். உங்கள் களம் 250 சதுர மீட்டர். வகுத்தால் 8 லக்ஸ். வெளியே சிதறுவது போக மூன்று நான்கு நிற்கும். எஃப் 1.0 கேமராவுக்கு அது தாராளம். ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 7 யூனிட் சொச்சம். ஒரு மூட்டை காப்பி விலையோடு பார்த்தால் இது செலவே இல்லை. வெள்ளை வெளேரென்ற 6500 கெல்வின் வேண்டாம், பூச்சி மொய்க்கும். பூச்சி வந்தால் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும், விளக்கு பட்டு அந்த வலை முழுப் படத்தையும் மறைக்கும். 3000 கெல்வின் வாங்கி, கேமராவை விட்டுத் தள்ளி மாட்டினால் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும். மரங்களுக்குள் ஒளி போகாமல் களத்தோடு நிற்கும்படி சாய்த்துவிடுங்கள், காட்டெருமை நடமாடுகிற இடம்.

கேமரா உடம்பு டோம் வேண்டாம். கண்ணாடிக் கவிகையில் ஈரம் படிந்தால் படம் மங்கும். கவிகை இல்லாத டரெட் (உருண்டை வடிவம்) அல்லது புல்லட் (நீள உருளை) வாங்குங்கள்.

#11 மலைக்காப்பி

காட்டெருமை என்றதும் நினைவு வந்தது. பழைய கேமரா பனி அசைந்தாலும் செடி அசைந்தாலும் போனுக்கு அலாரம் அனுப்பும். கடைசியில் அலாரத்தையே நிறுத்திவிட்டோம்.

#12 அழகாபுரம்_வயரிங்

பழையவை பிக்சல் மாறினாலே அசைவு என்று எடுத்துக்கொள்ளும். இப்போது வருபவற்றில் ஆள், வண்டி என்று பிரித்துப் பார்க்கும் வசதி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. 'கோடு தாண்டினால்' என்று கேட்டுக்கு ஒரு கோடு, களத்துக்கு ஒரு கட்டம் வரைந்து ஆள், வண்டி இரண்டுக்கு மட்டும் அலாரம் வையுங்கள். இந்த வசதி சரியாக வேலை செய்யவும் வெளிச்சம் வேண்டும்.

#13 குவியதூரம்

லென்ஸின் எம்எம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எம்எம் குறைந்தால் அகலமாகப் பார்க்கும், கூடினால் பார்வை ஒடுங்கித் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும். கேட்டுக்கு 2.8 எம்எம் கண்டிப்பாக வேண்டாம்.

சிசிடிவிக்கு ஈஎன் 62676-4 என்றொரு தரநிலை இருக்கிறது. அதன்படி முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்த ஆளை 'இவர்தான்' என்று சொல்ல 125. ஆள் இருக்கிறார் என்று மட்டும் அறிய 25 போதும். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல். 2.8 எம்எம் லென்ஸ் 100 டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். 12 மீட்டர் தள்ளி உள்ள கேட்டில் அது பிடிக்கும் அகலம் சுமார் 31 மீட்டர். மீட்டருக்கு 82 பிக்சல்தான் தேறும். உங்கள் கேட் நான்கு மீட்டர் இருக்குமா? மீதி எல்லாம் செடி கொடிதான். 6 எம்எம் போட்டால் அகலம் 12, 13 மீட்டராகச் சுருங்கும், மீட்டருக்கு 200 பிக்சல் கிடைக்கும். இன்னும் நல்லது, கேமராவைக் கேட் தூணுக்கே கொண்டுபோய்விடுவது. உயரம் 2.5 முதல் 3 மீட்டர். அதற்கு மேல் போனால் முகத்துக்குப் பதில் குல்லாதான் பதிவாகும், ஏற்காட்டுக் குளிரில் எல்லாருமே குல்லா போட்டிருப்பார்கள்.

முன்வாசலுக்கு 2.8 சரி. ஆள் மூன்று நான்கு மீட்டருக்குள் வருவார். ஆனால் எஃப் 1.0 லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு, ரொம்பப் பக்கத்தில் வந்தால் மங்கும். வாசலுக்கு எஃப் 1.6 போதும், வாசல் விளக்கு எரிகிறதல்லவா.

அப்புறம், நீங்கள் ஸ்வெட்டர் நிறம் பற்றிச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐஆரில் கறுப்புச் சாயம் போட்ட சில செயற்கை இழைத் துணிகள் வெள்ளையாகவே தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் பதிவில் 'வெள்ளைச் சட்டை போட்டவன்' என்று யாரையாவது சந்தேகப்பட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

#14 மலைக்காப்பி

இதைப் படித்ததும் திடுக்கென்றது. வெள்ளைச் சட்டை என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் எல்லாரிடமும் இன்றே சொல்லிவிடுகிறேன். கேட்டில் வண்டி நம்பரும் இதே கேமராவில் கிடைக்குமா?

#15 குவியதூரம்

ஹெட்லைட் எரிய ஓடி வரும் வண்டிக்குக் கிடைக்காது. நம்பருக்கு ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகம் வேண்டும், அந்த வேகத்தில் கலர் படம் கறுத்துவிடும். நம்பருக்கென்று நீளமான லென்ஸோடு தனி ஐஆர் கேமரா வைப்பார்கள், தகடு ஐஆரை நன்றாகத் திருப்பி அனுப்பும். வண்டி கேட்டில் நின்று திரும்பும் என்றால் கலர் கேமராவிலேயே ஒருவேளை கிடைக்கும். முதலில் நிறமும் வகையும் போதும், நம்பர் கேமராவை அடுத்த வருடம் யோசியுங்கள்.

#16 அடிவாரம்_மாந்தோப்பு

நான் அடிவாரத்தில் இருக்கிறேன். சோலார் வைத்த 4ஜி கேமராவும் 'கலர் நைட் விஷன்' என்றுதான் விற்கிறார்கள். மலைக்காப்பிக்கு வயர் இழுக்கும் வேலை மிச்சமாகுமே?

#17 அழகாபுரம்_வயரிங்

தம்பி, உங்கள் தோப்புக்குச் சரிப்படலாம், வெயில் அடிக்கிற இடம். ஆனால் அவை பேட்டரியைச் சேமிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆள் வந்ததை உணர்ந்து விழித்துக்கொண்ட பிறகுதான் பதிவு. கலர் வேண்டுமானால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், அது பேட்டரியைத் தின்னும். ஏற்காட்டில் நாள் கணக்கில் பனி மூடினால் சார்ஜே ஏறாது. களத்துக்கு வயர்தான்.

வயர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள் சார். சுத்தத் தாமிர 'கேட்6' நெட்வொர்க் வயர், பிஓஇ (அதே வயரில் கேமராவுக்கு மின்சாரமும் போகும் முறை), 100 மீட்டருக்குள். செம்பு பூசிய அலுமினிய வயரை மலிவு என்று தலையில் கட்டுவார்கள், வேண்டாம். களம் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் நடுவில் ஃபைபர் போட்டுவிடுங்கள். மலையில் இடி இறங்கினால் தாமிர வயர் வழியாக வந்து என்விஆர் (பதிவைச் சேமிக்கும் பெட்டி) வரைக்கும் எரித்துவிடும். ஃபைபரில் அது வராது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். விளக்கு அணைந்தால் கலர் மட்டும் எடுக்கும் கேமரா குருடு. அதனால் ஐஆரும் சேர்ந்த ஹைப்ரிட் மாடல் வாங்குங்கள், களத்து விளக்கையும் என்விஆரையும் இன்வெர்ட்டரில் சேருங்கள்.

#18 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

வாங்கும்போது எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட கேமராக்களைத்தான் விற்க வேண்டும். பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பதிவைப் போலீசில் கொடுக்கும் நிலை வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதனால் என்விஆரில் இருக்கும் மூலப் பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நேரமும் தேதியும் சரியாக ஓடட்டும்.

#19 மலைக்காப்பி

என் முடிவு இது. களத்தின் இரு முனையிலும் ஒவ்வொன்று, 4 மெகாபிக்சல், 1/1.8 சென்சார், எஃப் 1.0, ஹைப்ரிட், 4 எம்எம். கேட் தூணில் அதே மாதிரி இன்னொன்று. வாசலுக்குச் சாதாரண 2.8. களத்துக்கு 20 வாட் விளக்கு தனிக் கம்பத்தில், கேட்டுக்கு 10 வாட். கடைக்காரர் எழுதிக் கொடுத்த மூன்று 8 மெகாபிக்சலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹார்டு டிஸ்க் எவ்வளவு?

#20 அழகாபுரம்_வயரிங்

ஒரு கேமராவுக்குப் பதிவு வேகம் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வைத்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173. 4 டிபி போட்டால் 23 நாள் நிற்கும். மூட்டை குறைந்தது எடை போடும் அன்றைக்குத்தான் தெரியவரும் என்றால் 6 டிபி போடுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வரும். கண்காணிப்புக்கென்று விற்கும் டிஸ்க்காக இருக்கட்டும்.

கம்பம் நட்டதும் முதலில் விளக்கைப் போடுங்கள், கேமராவைச் சுவரில் துளை போட்டு மாட்டிவிடாதீர்கள். ஒரு மூங்கிலில் கட்டி வைத்து, ராத்திரி 9 மணிக்கு வீட்டில் யாரையாவது களத்தில் குறுக்கே நடக்கச் சொல்லிப் பதிவு எடுங்கள். ஷட்டர் 1/25, கெயின் பாதிக்கு மேல் ஏற வேண்டாம், நாய்ஸ் ரிடக்‌ஷன் நடுவில். பனி இல்லாத ராத்திரி ஒன்று, பனி இறங்கிய ராத்திரி ஒன்று, இரண்டு பதிவையும் இங்கே போடுங்கள். விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.